உகண்டாக்காரரின் இடது கை

“போதும்டா ராசா, வயிறு முட்டிப் போச்சு பாரு. எறங்கு, எறங்கு.”

கெண்டைக்காலில் தொங்குகிற அட்டையிடம்தான் அழகன் இப்படிப் பேசுகிறார். மாலையில் மலையை விட்டு இறங்கி, பீலியில் வழிகிற ஊற்றுத் தண்ணீரில் கால் கழுவ வருகிற மற்றவர்கள் அட்டையைக் கண்டால் உப்பைத் தேய்ப்பார்கள், புகையிலைச் சாற்றைத் துப்புவார்கள். ஆத்திரக்காரர்கள் தீக்குச்சியைக் கிழிப்பார்கள். அழகன் மட்டும் ஒரு கல்லின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். அது குடித்து முடித்து, உருண்டு திரண்டு, தானாகக் கழன்று விழுந்த பிறகு சுண்டுவிரலால் பதமாகத் தள்ளித் தேயிலைத் தூரடியில் சேர்ப்பார். “சாப்பாட்டுல இருக்கறவங்கள எழுப்பக் கூடாது” என்பது அவர் கட்சி. பின்னால் குடத்தோடு நிற்கிற பெண்கள் முணுமுணுப்பார்கள்: “இந்த மனுசன் அட்டைக்கு விருந்து வச்சு முடிக்கிறதுக்குள்ள நம்ம வீட்டு அடுப்பு அணைஞ்சு போயிரும்.”

பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் ஏற மறுக்கிற ஒரு வளைவுக்கும் மேலே, ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் அழகன் கவ்வாத்துக் கங்காணி. தேயிலைச் செடிக்கு வயதாகிக் கொழுந்து தரச் சோம்பல் வந்துவிட்டால் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அந்த வெட்டுத்தான் கவ்வாத்து. ஐம்பதைத் தாண்டிய ஆள். டர்பன்டைன் மரத்தை அறுத்து நிறுத்தி அதற்கு மீசை வைத்தது போல உடம்பு. விடியுமுன்னே வாசலில் குந்திக் கத்தியைக் கல்லில் தீட்டத் தொடங்குவார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் லயத்து வரிசை வீடுகளின் சேவல்கள் கூவும். ஒருமுறை அவர் திருவிழாவுக்கென்று உடப்புசல்லாவைக்குப் போயிருந்தபோது சேவல்கள் சூரியன் உச்சிக்கு வரும்வரை தூங்கின என்றும், கோழிகள் கோபித்துக்கொண்டு மேற்பிரிவுக்குப் போய்விட்டன என்றும் சொல்வார்கள்.

தைரியம் என்றால் அப்படியொரு தைரியம். குளவிக் கூடு கலைந்து ஆட்கள் எல்லாம் உருண்டு புரண்டு ஓடிய நாளில், இவர் எடுத்த நிரையை வெட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். ஏழாம் நம்பர் மலையில் சிறுத்தை ஒன்று நேருக்கு நேர் வந்து நின்றபோது, “என்னா?” என்று கேட்டார். சிறுத்தையிடம் சரியான பதில் இல்லை. திரும்பிப் போய்விட்டது. தோட்டத்து மேனேஜரான பெரியதொரை கத்தினால் மற்றவர்கள் தரையைப் பார்ப்பார்கள்; அழகன் தொரையின் வாயைப் பார்ப்பார், எந்தப் பல் ஆடுகிறது என்று கவனிப்பவர் மாதிரி.

இத்தனையும் இருந்து என்ன? ஊசி என்றால் போச்சு.

மருந்து ஊசியை விடுங்கள், தையல் ஊசிக்கே ஆகாது. அவர் சட்டைகளில் பாதிக்குப் பொத்தான் கிடையாது. மனைவி பூரணி ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தால் இவர் ‘மாட்டுக்குப் புல்’ என்று வெளியே போய்விடுவார். அவர்கள் வீட்டில் மாடு இருந்து பல வருசம் ஆகிறது. கொரோனா ஊசி போட ஜீப்பில் ஆட்கள் வந்த அன்றைக்கு, கொடிமரம் மாதிரி நின்ற ஒரு டர்பன்டைன் மரத்தின் உச்சியில் இருந்தார். கீழே நின்று கூப்பிட்டவர்களிடம், சிறுத்தை நடமாட்டம் பார்ப்பதாகச் சொன்னார். ஜீப் போகும்வரை பார்த்தார். மறுவாரம் ஜீப் வந்தபோதும் பார்த்தார்.

“எங்க வீட்டு சிறுத்தை இவருதான்” என்று பூரணி சிரிப்பாள்.

பூரணி சிரிக்கலாம். அவள் குவைத்துக்குப் போய் வந்தவள். மகள் ஷாமிலா பள்ளிக்கூடம் போகிற வயதில், வீட்டு வேலைக்கென்று போய் மூன்று வருசம் இருந்துவிட்டு வந்தாள். போகுமுன் கொழும்பில் ஊசி குத்தினார்கள், இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள்; அவள் வெற்றிலை போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் முடித்துவிட்டு விமானத்தில் ஏறினாள். அன்றைக்கு அழகனுக்கு லயத்தில் ஒரு பட்டம் விழுந்தது: ‘குவைத்துக்காரி புருசன்’. பூரணி திரும்பி வந்து, மறுபடி கூடை சுமந்து, குவைத்தில் வாங்கிய பெட்டியின் சக்கரச் சில்லுகூடத் துருப்பிடித்துக் கழன்று போயிற்று. பட்டம் மட்டும் கழலவில்லை. கல்யாணப் பந்தியில் “குவைத்துக்காரி புருசனுக்கு இன்னொரு கரண்டி சோறு” என்பார்கள். கோயில் பூசாரிகூட அர்ச்சனைக்கு அந்தப் பட்டத்தைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

அழகன் வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை. ஆனால், மலைக்கு மேலே விமானம் ஒன்று பறந்தால், கத்தியைச் செடியில் கொத்தி நிறுத்திவிட்டு, அது மேகத்துக்குள் போகும்வரை அண்ணாந்து நிற்பார். ஆட்களுக்கு அது தேநீர் நேரத்தைவிட நல்ல ஓய்வு.

ஆகையால், உகண்டாவிலிருந்து ஆள் கேட்டு வந்தபோது அழகன் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. முன்னே இங்கே பெரியதொரையாக இருந்தவர் இப்போது அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கிறார். அங்கத்துப் பையன்களுக்குக் கவ்வாத்து பழக்க ஒரு வருசத்துக்கு ஒரு கங்காணி வேண்டும்; முதல் அழைப்பு அழகனுக்கு, அவர் வராவிட்டால் பொன்னையாவுக்கு. பொன்னையா மேற்பிரிவுக் கங்காணி, அழகனுக்கு மச்சான் முறை. வாழ்த்துச் சொல்ல வந்தவர் முதல் வேலையாக, “ஊசி உண்டாம்ல மச்சான்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, உகண்டாவுக்கென்று தமக்கு ஒரு குளிர் கோட்டும் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பார்க்கிற இடமெல்லாம் அதே கேள்விதான்: “குவைத்துக்காரி புருசா, ஊசி போட்டாச்சா?”

பயண ஏற்பாடுகளைக் கவனித்தவள் ஷாமிலா. நுவரெலியாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். வாரம் தவறாமல் வந்து, எது எது தேவை என்று சொல்லிவிட்டுப் போவாள். ஊசியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அழகன் சூரர். கொதித்தாறிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்றாளா? அன்றிலிருந்து பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தார், அதில்தான் குளித்தார், கத்தி தீட்டும் கல்லில் தெளிக்கவும் அதையே கேட்டார். நுளம்புக்கு, அதாவது கொசுவுக்கு, வலை கட்டித் தூங்க வேண்டும் என்றாளா? அந்தக் குளிரில் நுளம்பு பிழைக்கவே பிழைக்காது என்று தெரிந்தும் வலையைக் கட்டிப் பழகினார். முதல் ராத்திரியே அடைகாக்கும் கோழி ஒன்று உள்ளே புகுந்து இடம் பிடித்துவிட்டது. இருபத்தொரு நாள் அழகன் வலைக்கு வெளியே, கோழி வலைக்குள்ளே. நுளம்பு கடிக்காமல் பொரித்த குஞ்சுகள் இலங்கையிலேயே அவைதான் என்று பூரணி சொல்கிறாள்.

சூட்டுக்குப் பழக வேண்டும் என்று அவராக நினைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கொழுந்து காய்கிற அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் மேலெல்லாம் தேயிலை வாசம். ஷாமிலா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அப்பா, அங்கயும் தேயிலை மலைதாம்ப்பா. நம்ம ஊரு மாதிரி அவ்வளவு குளிரு இல்ல, அவ்வளவுதான். அதுக்குப் போயி ஏன் வறுபடுறீங்க?”

“ஆப்பிரிக்கான்னாங்களே.”

“ஆப்பிரிக்காவுல மலை இருக்கக் கூடாதா? இதெல்லாம் விடுங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, அதுக்கு சான்றிதழ் இருந்தாத்தான் உகண்டாவுக்குள்ள விடுவாங்க. அதையும் பிளேன் ஏறுறதுக்குப் பத்து நாளைக்கு முன்னுக்கே போட்டிருக்கணும். எப்ப கொழும்புக்குப் போறீங்க?”

“அது மாத்திரையா கெடைக்காதா?”

“இல்ல.”

“சிரப்பு?”

“இல்லப்பா.”

“மேலுக்குப் பூசிக்கிற மாதிரி ஏதும்…”

“அப்பா!”

பூரணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஒரு நாளைக்கு அஞ்சு அட்டை கடிக்குது. ஒவ்வொண்ணுக்கும் வாய் நெறயப் பல்லு. அதுக்குக் கால நீட்டுறீங்க. இத்துணூண்டு ஊசிக்கு இந்தக் கூத்தா?”

அழகன் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். நெடுநாள் யோசித்து வைத்த பதில். “அட்டை எடுக்குது. நம்மகிட்ட எடுக்கறவங்கள நமக்கு நல்லாப் பழக்கம். எங்கப்பன் காலத்துலேருந்து பழக்கம். ஊசி குடுக்குது. சும்மா வந்து குடுக்கறவங்கள எப்பிடி நம்புறது?”

பூரணி தலையை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு ஷாமிலா, “சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். இல்லாட்டி பொன்னையா மாமாவுக்கு நானே கோல் பண்ணிச் சொல்லிருவேன்” என்றாள். அந்த மருந்து வேலை செய்தது.

புறப்பட்ட காலையில் அழகன் வெகுநேரம் கதவை மூடிக்கொண்டு காம்பராவுக்குள் ஏதோ செய்தார். வெளியே வந்தபோது வெள்ளைச் சப்பாத்து, உள்ளே காலுறையாக வெள்ளை மேஸ், முழுக்கால்சட்டை, கண்ணைக் கரிக்கிற ஒரு வாசம். ஈரப் புல்லுக்குள் நடந்து ரோட்டுக்கு இறங்கி, ஹட்டனில் பஸ் மாறும்போது பூரணி மூக்கைச் சுளித்தாள். “என்னாங்க, துணி தொவைக்கிற நாத்தம் அடிக்குது?”

“ஒண்ணுமில்ல.”

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் முட்டை ரொட்டி சாப்பிட்டார்கள். கினிகத்தேனை தாண்டி வெயில் ஏற ஏற அழகன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். அவிசாவளையில் பஸ் நின்றபோது, இறங்கி, திரும்பிப் போகிற ஹட்டன் பஸ்ஸில் ஏறிவிடப் பார்த்தார். பூரணி கால்சட்டைப் பட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

கொழும்பில் ஊசி போடுகிற இடத்தில் உட்கார நீண்ட வாங்குகள். கப்பலில் வேலைக்குப் போகிறவர்கள், ஐ.நா. அமைதிப்படைக்குப் போகிற சிப்பாய்கள் இரண்டு பேர், இரத்தினக்கல் வாங்க ஆப்பிரிக்கா போகிற ஒரு தொப்பிக்காரர். எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முறை வந்தது. ஊசி போடுகிற மிஸ்ஸி காலிப் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழை மிட்டாய் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசுபவள். முதலில் பாஸ்போட்டைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“இது யாரு?”

பாஸ்போட்டுப் படம் எடுக்கப் போகிற வழியில் அழகனைக் குளவி கொட்டியிருந்தது. முகம் பூசணிக்காயாக வீங்கியும், அவர் பயணத்தை ஒத்திப் போடவில்லை. ‘நல்ல சதைப்பிடிப்பா இருக்கு’ என்று அதையே எடுக்கச் சொல்லிவிட்டார்.

“அது குளவி கொட்டுனவரு மிஸ்ஸி, இது கொட்டாதவரு. ரெண்டும் ஒரே ஆளுதான்” என்றாள் பூரணி.

மிஸ்ஸி உதட்டை மடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள். “ஐயாவுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாதா? முட்டை சாப்பிட்டா மூச்சு இறைக்கிறது, உடம்பு தடிக்கிறது அப்பிடி இருந்தா இந்த ஊசி போட ஏலாது.”

அழகனின் முகத்தில் பொழுது விடிந்தது. “முட்டைங்களா? ஆகவே ஆகாதுங்க மிஸ்ஸி! முட்டைங்கிற சொல்லக் கேட்டாலே எனக்கு இங்க…” என்று நெஞ்சைப் பிடித்தார்.

“காலையில முட்டை ரொட்டி ரெண்டு” என்றாள் பூரணி. “என் பங்குல பாதியும்.”

வாங்கில் இருந்த சிப்பாய்கள் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

மிஸ்ஸி பஞ்சை நனைத்து அழகனின் இடது கையில் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க நுரை பொங்கியது. இன்னொரு பஞ்சு எடுத்தாள். இன்னும் நுரை. கை முழுக்க நுரையாகி முழங்கை வழியே சொட்டியது. தேயிலை மலையில் அட்டை ஏறாதிருக்கச் சவுக்காரத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காலில் பூசுவது எல்லோரும் செய்கிற வேலை. அழகன் ஆயுளில் ஒருநாளும் பூசாதவர். அன்றைக்குக் காலையில், கதவை மூடிக்கொண்டு, முதல் தடவையாகப் பூசியிருக்கிறார். கையில்.

“ஐயா, இது என்னா?”

“அட்டை அண்டாதுங்க மிஸ்ஸி.”

“அட்டை? கூடெல்லா?” மிஸ்ஸிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. “நான் கூடெல்லாவா?”

கையைக் கழுவிக்கொண்டு வரும்படி அனுப்பினாள். குழாயடியில் அழகன் பூரணியின் காதில் கடைசித் திட்டத்தைச் சொன்னார். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு மேலுக்கு முடியவில்லை, கூடை நிறையவில்லை என்றால், பக்கத்து நிரைக்காரி தன் கொழுந்தில் இரண்டு கை அள்ளி அவளுக்குப் போடுவாள். கணக்கப்பிள்ளை அந்த நேரம் பார்த்து மலையின் அழகைப் பார்ப்பார். எந்தக் கை கிள்ளியது என்று தராசு கேட்பதில்லை. கொழுந்து இவளுடையது, நிறை அவள் கணக்கில். இதில் பூரணிக்கு நிகரில்லை. ஊரில் பாதிப் பேர் கணக்கில் அவள் கொழுந்து இருக்கிறது.

“எத்தன பேருக்குப் போட்டிருக்க. கட்டுன புருசனுக்கு ஒரு தடவ போட மாட்டியா?” என்றார் அழகன். குழாயை மூடினார், மறுபடி திறந்தார். “பொன்னையா கோட்டு தச்சுட்டான் பூரணி.”

பூரணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். சிரிக்க வாயெடுத்தவள் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே மிஸ்ஸியின் முன்னால் போய் உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

“எனக்குப் போடுங்க மிஸ்ஸி. அவரு கணக்குல வச்சுக்கங்க.”

மிஸ்ஸிக்கு விளங்கவில்லை. பூரணி கொழுந்து, கூடை, தராசு எல்லாம் சொல்லி விளக்கினாள். சிப்பாய்களில் ஒருவன் அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். மிஸ்ஸி சிரிக்காமல், நியாயமான முகத்தோடு கேட்டாள்: “சரி அம்மா. உகண்டாவில நுளம்பு ஐயாவைக் கடிக்கும். அப்ப காய்ச்சல் யாருடைய கணக்கில?”

பூரணி யோசித்தாள். “காய்ச்சல அவரு கணக்குலயே வச்சுக்கட்டும்.”

“அடிப்பாவி!” என்றார் அழகன்.

“அப்ப ஊசியும் அவர் கணக்குதான்” என்று மிஸ்ஸி தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஊசியைக் கையில் எடுத்தாள். பூரணி எழுந்து இடம் விட்டாள். அழகன் பலிக்கடா மாதிரி உட்கார்ந்தார். கால்கள் தாமாக வாசல் பக்கம் திரும்பிக்கொண்டன. அப்போதுதான் மிஸ்ஸியின் பார்வை கீழே போயிற்று. உட்கார்ந்ததில் மேலேறியிருந்த கால்சட்டைக்குக் கீழே, வெள்ளை மேஸில் சிவப்பாக ஒரு கறை. கறைக்கு நடுவில் கறுப்பாக, கொழுகொழுவென்று, பொகவந்தலாவை ஈரப்புல்லில் ஏறி, டிக்கெட் வாங்காமல் கொழும்பு வரை வந்திருந்த ஒரு சீவன்.

“கூடெல்லா!”

கட்டடம் அதிர்ந்தது. ஆயிரக்கணக்கான கைகளில் ஊசி குத்திய மிஸ்ஸி, ஊசியும் கையுமாக முக்காலியின் மேல் நின்றாள்.

“கால்ல பூச வேண்டியதக் கையில பூசினா அது கால்லதான் வரும்” என்றாள் பூரணி.

அழகன் குனிந்து பார்த்தார். அந்த வேற்றூரில், அந்த மருந்து வாடையில், ஊரிலிருந்து வந்த உறவுமுறையைக் கண்டவர் மாதிரி அவர் முகம் இளகிற்று. “அட, நீயா!”

“எடுங்க ஐயா! வெளியில போடுங்க!”

“இன்னும் குடிச்சு முடிக்கலீங்க மிஸ்ஸி.”

“ஐயோ! அது போகாம நான் கிட்ட வர மாட்டேன்.”

“அப்ப அது இருக்கட்டுங்க” என்றார் அழகன் மலர்ச்சியோடு. மரத்தின் உச்சிக்கு ஏறிவிட்ட நிம்மதி அவர் குரலில் இருந்தது.

பூரணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவருக்கு ஊசி ஆகாது, ஒருத்திக்கு அட்டை ஆகாது. இரண்டும் ஒரே உடம்பில் அரை ஆள் உயர இடைவெளியில் இருக்கின்றன. முந்தானையை விரித்து, அழகனின் இடுப்பு மட்டத்தில் திரைபோலக் குறுக்கே பிடித்தாள். “மிஸ்ஸி, மேல் பக்கம் ஒங்களுக்கு. கைய மட்டும் பாருங்க. என்னாங்க, கீழ்ப் பக்கம் ஒங்களுக்கு. தலைய குனிஞ்சு அத மட்டும் பாருங்க. யாரும் எல்லை தாண்டாதீங்க.”

மிஸ்ஸி பலமாக மூச்செடுத்துக்கொண்டு முக்காலியிலிருந்து இறங்கினாள். அழகன் முந்தானைக்கு அடியில் தலையை நுழைத்தார். உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது:

“பயப்படாத ராசா… ஒண்ணும் செய்யாது… சின்ன வேலதான்… நம்ம ஊருக்குப் போயிரலாம்… கொஞ்சம் பொறுத்துக்க…”

“முடிஞ்சது” என்றாள் மிஸ்ஸி.

“எது?”

“ஊசி.”

முந்தானைக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது. இடது தோளுக்குக் கீழே வட்டமாக ஒரு சின்னப் பிளாஸ்டர். அழகன் அதைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். “இது இன்னும் எடுத்தே முடிக்கல. அதுக்குள்ள அவுங்க குடுத்தே முடிச்சுட்டாங்களா?” என்றார். சிப்பாய்கள் கை தட்டினார்கள். தொப்பிக்காரர்கூட.

அட்டை அதன் பிறகும் வெகுநேரம் எடுத்துக்கொண்டது. ஊசி போட்டவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து போக வேண்டும் என்பது அங்கே சட்டம். அழகன் அட்டைக்காகத்தான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அது கழன்று விழுந்ததும் கொழும்பு வெயிலில் விட மனமில்லாமல், பூரணியின் வெற்றிலை டப்பாவைக் காலி செய்து வாங்கி, ஈரப் பஞ்சு வைத்து ஊருக்குக் கொண்டுவந்தார். “குவைத்துலேருந்து நான் தங்கச்சங்கிலி கொண்டாந்தேன். இவரு கொழும்புலேருந்து கொண்டாந்தத பாருங்க” என்று பூரணி பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினாள். தோட்டத்து முடக்கு வளைவில் இறங்கியதும் முதல் தேயிலைத் தூரடியில் அதை விட்டார்கள்.

மறுநாள் காலை பெரட்டு. வேலைக்குப் போகிற ஆட்கள் எல்லாம் விடியற் பனியில் வந்து கூடுகிற நேரம். மூச்சு விட்டால் புகை வருகிற குளிர். தலையில் கம்பளித் தொப்பி, மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே சாக்கு என்று ஒவ்வொருவரும் மூட்டையாக நின்றார்கள். புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேற்பிரிவிலிருந்து பொன்னையாவும் வந்திருந்தார். அழகன் மட்டும் சட்டையின் இடது கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு சவுக்கு மரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்பவர் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏய், குவைத்துக்காரி புருசா! ஊசி போட்டாச்சா?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

அழகன் மரத்தைப் பார்த்தார்.

“குவைத்துக்காரி புருசா! காதுலயா ஊசி போட்டாங்க?”

கூட்டம் சிரித்தது. அழகன் அசையவில்லை. கை மட்டும் குளிரில் வெடவெடவென்று ஆடிற்று.

“அழகா! மச்சான்!” என்றார் பொன்னையா.

மரத்தில் ஒரு கிளை பாக்கியிருந்தது. அதையும் பார்த்தார்.

கொழுந்துக்காரிகள் பக்கம், கூடையைத் தலையில் மாட்டியபடி நின்ற பூரணி, பொன்னையாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பொன்னையா தன் புதுக் கோட்டை ஒருமுறை தடவிக் கொடுத்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு, பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கூப்பிட்டார்:

“ஒகண்டாக்காரரே!”

அழகன் திரும்பினார். முதலில் திரும்பியது முகமல்ல, தோள். புல்லரித்துப் போயிருந்த அந்த இடது கையை, வட்டமான பிளாஸ்டர் கடைசி வரிசைக்கும் தெரியும்படி, பெரட்டு முழுவதற்கும் முன்னால் மெல்ல நீட்டிக் கொடுத்தார்.